கடல் சூடாகிக் கரியமில வாயு கூடியதா, வாயு கூடிக் கடல் சூடானதா?

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். "பழங்காலத்தில் காற்றில் கரியமில வாயு அதிகமாக இருந்தபோதெல்லாம் கடலும் சூடாக இருந்தது என்கிறார்கள். ஆனால் அண்டார்க்டிகாவில் பனியைத் துளைத்து எடுத்த கணக்கில் முதலில் வெப்பம் ஏறி, பல நூறு வருஷம் கழித்துத்தான் வாயு ஏறியிருக்கிறதாமே? அப்படியென்றால் எது காரணம், எது விளைவு? அதுவும் போக, ஐந்து கோடி வருஷத்துக்கு முந்தைய கடலின் சூட்டை யார் போய் அளந்தார்கள்?"

இரண்டுமே நடந்திருக்கிறது. சில காலங்களில் கடல் முதலில் சூடாகி வாயுவை வெளியே விட்டது. வேறு சில காலங்களில் வாயு பூமிக்குள்ளிருந்து வந்து கடலைச் சூடாக்கியது. எந்தக் காலத்தில் எது நடந்தது என்று பிரித்துச் சொல்லவும் முடிகிறது. வந்த வாயு எந்த இடத்துச் சரக்கு என்பதற்கான கைரேகை கடலடிச் சேற்றிலேயே பதிந்து கிடப்பதுதான் காரணம். இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த பகுதியும் அதுதான். அதனால் அங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்பேன்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அளவை நம்பாமல் மற்றதை நம்ப முடியாது.

கடலில் ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிரிகள் வாழ்கின்றன. மணல் துகள் அளவுதான் இருக்கும். தம்மைச் சுற்றிச் சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொள்ளும். சில இனங்கள் மேல்மட்ட நீரில் மிதக்கும், சில கடலடிச் சேற்றில் வாழும். செத்ததும் ஓடு அடியில் சேர்ந்துவிடும். ஆழ்கடலில் சேறு படிவது ஆயிரம் வருஷத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் என்பதால், சில நூறு மீட்டர் துளைத்தாலே கோடிக்கணக்கான வருஷங்களுக்குப் பின்னால் போய்விடலாம். மாணவனாக இருந்தபோது முதன்முதலாக நுண்ணோக்கியில் இந்த ஓடுகளைப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. சோளப்பொரி மாதிரி அறை அறையாக உப்பிய, பொடித் துளைகள் நிறைந்த ஓடு. அதற்குள் ஒரு வெப்பமானி ஒளிந்திருக்கிறது என்று சொன்னபோது நம்பவே முடியவில்லை.

வெப்பமானி இருப்பது ஆக்சிஜனில். ஆக்சிஜனில் பெரும்பங்கு எடை 16. சுமார் 0.2 சதவீதம் எடை 18. ஓடு கட்டப்படும் நீர் குளிர்ச்சியாக இருந்தால் கனமான 18 சற்றே கூடுதலாக ஓட்டில் சேரும். ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஆயிரத்தில் ஏறக்குறைய 0.22 பங்கு மாற்றம். சிகாகோவில் ஹரால்ட் யூரி 1947-ல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். 1955-ல் செசாரே எமிலியானி ஆழ்கடல் சேற்றில் இதைப் பயன்படுத்திப் பனியுகங்களின் ஏற்ற இறக்கத்தை வரைந்தார். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. லேசான 16 எளிதில் ஆவியாகி, பனியாக விழுந்து, நிலத்தில் பனிப்படலமாகத் தங்கிவிட்டால் கடலில் 18 மிஞ்சும். அப்போது ஓட்டில் தெரிவது குளிரா, நிலத்தில் பனி பெருத்ததா என்று பிரிக்க முடியாது. எமிலியானி கண்ட மாற்றத்தில் பெரும்பகுதி பனியால் வந்தது என்று நிக்கலஸ் ஷாக்கிள்டன் 1967-ல் வாதிட்டார். அதனால்தான் இன்று ஒரே அளவை வைத்து யாரும் பேசுவதில்லை. ஓட்டில் கால்சியத்துக்குப் பதிலாக எவ்வளவு மக்னீசியம் புகுந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். சூடு கூடினால் மக்னீசியம் கூடும். கடலில் வாழும் ஆர்க்கியா நுண்ணுயிர்களின் சவ்வுக் கொழுப்பையும் பார்க்கிறார்கள். சூட்டுக்கேற்ப அந்தக் கொழுப்பின் மூலக்கூறில் வளையங்களின் எண்ணிக்கை மாறும். ஓடும் கொழுப்பும் வெவ்வேறு வழியில் ஒரே பதிலைச் சொன்னால்தான் நம்பிக்கை வரும்.

இந்தத் துறை தன் தவறைத் தானே கண்டுபிடித்த கதை ஒன்றும் இருக்கிறது. பல காலம் ஒரு புதிர் இருந்தது. 4, 5 கோடி வருஷத்துக்கு முன் துருவங்கள் சூடாக இருந்தன என்று தெரிந்தது. ஆனால் வெப்பமண்டலக் கடலின் ஓடுகள் இன்றையதைவிடக் குறைவான சூட்டைக் காட்டின. கரியமில வாயு கூடினால் வெப்பமண்டலமும் சூடாகியிருக்க வேண்டாமா? 2001-ல் பால் பியர்சனும் அவருடன் இருந்தவர்களும் தான்சானியாவில் களிமண்ணுக்குள் பொதிந்து கிடந்த, கண்ணாடி போலப் பளிச்சென்று கெடாமல் இருந்த ஓடுகளை அளந்தார்கள். கிடைத்தது குறைந்தது 28 முதல் 32 டிகிரி. பழைய ஓடுகள் குளிர்ந்த கடலடியில் லட்சக்கணக்கான வருஷம் கிடந்து மறுபடி படிகமாகி, அடிக்குளிரையும் தம் கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தன. புதிரின் பெரும்பகுதி அதோடு தீர்ந்தது.

வாயுவை அளப்பதும் இதே போலத்தான். 8 லட்சம் வருஷம் வரை அண்டார்க்டிக் பனிக்குள் அடைபட்ட காற்றுக் குமிழியையே நேராக அளக்கலாம். அதற்கு முந்தைய காலத்துக்கு ஓட்டில் உள்ள போரான் உதவும். கரியமில வாயு கூடினால் கடல் நீரின் அமிலத்தன்மை கூடும், அதற்கேற்ப போரானின் எடை 10-க்கும் எடை 11-க்கும் உள்ள விகிதம் மாறும். தொல்லிலைகளில் உள்ள இலைத்துளைகளின் எண்ணிக்கையும் ஒரு சாட்சி.

சரி, இப்போது கடலுக்கு வருவோம். இன்று வங்காள விரிகுடாவின் மேல்நீர் 28, 29 டிகிரி. அதே இடத்தில் 3 கிலோமீட்டர் கீழே போனால் ஏறக்குறைய 2 டிகிரிதான். வெயில் எரிக்கும் நாட்டுக் கடலுக்கு அடியில் இவ்வளவு குளிர் எங்கிருந்து வந்தது? துருவங்களிலிருந்து. அங்கே குளிர்காலத்தில் கடல்நீர் குளிர்ந்து கனத்து அடியில் இறங்கி, நூற்றுக்கணக்கான வருஷம் ஊர்ந்து உலகம் முழுவதும் பரவுகிறது. ஆகவே ஆழ்கடலின் வெப்பம் என்பது துருவக் கடலின் குளிர்கால வெப்பம். கடலடி ஓடு ஒன்றைப் பசிபிக்கில் எடுத்தாலும், அது சொல்வது துருவத்தின் செய்தி. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பிறகு வரும் எண்களெல்லாம் உயிர் பெறும். 5.3 கோடி முதல் 4.9 கோடி வருஷத்துக்கு முன், இயோசீன் காலத் தொடக்கத்தில், ஆழ்கடல் 12 முதல் 14 டிகிரி வரை இருந்திருக்கிறது. அதாவது துருவத்தில் குளிர்காலத்திலும் கடல் உறையும் நிலைக்கு அருகில்கூடப் போகவில்லை. அந்தக் காலத்துக் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 1,400 பங்கு வாக்கில் இருந்ததாகப் போரான் சொல்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் இருந்தது 280. இந்த 'பத்து லட்சத்தில் இத்தனை பங்கு' என்பதை இனி பிபிஎம் என்றே எழுதுகிறேன்.

வாயு கடலைச் சூடாக்கும் விதம் எளிது. வெயில் நீருக்குள் பல மீட்டர் இறங்குகிறது. கடல் அந்தச் சூட்டை மேற்பரப்பு வழியாகத்தான் அகச்சிவப்புக் கதிராகவும் ஆவியாகவும் வெளியேற்ற முடியும். காற்றிலுள்ள கரியமில வாயு அகச்சிவப்பை மறித்து ஒரு பகுதியைக் கீழே திருப்பி அனுப்புகிறது. வரவு அப்படியே இருக்க, செலவு குறைந்தால் இருப்பு கூடும். மேல் 3 மீட்டர் கடல்நீர் மட்டுமே மொத்தக் காற்று மண்டலத்துக்கு ஈடான வெப்பத்தைத் தாங்கும் என்பதால் இந்த இருப்பில் பெரும்பங்கு கடலுக்கே போகிறது. எவ்வளவு போகும் என்பது வாயு எத்தனை மடங்கு கூடியது என்பதைப் பொறுத்தது. 280-லிருந்து 560 ஆவதும், 560-லிருந்து 1,120 ஆவதும் ஏறக்குறைய ஒரே அளவு தாக்கம்.

இனி, வாயுதான் முதலில் வந்தது என்பதற்கான மிகத் தெளிவான வழக்கு.

1987-ல் ஜாய்டீஸ் ரெசல்யூஷன் என்ற துளையிடும் கப்பல் அண்டார்க்டிகாவை ஒட்டிய வெடல் கடலில், மாட் ரைஸ் என்ற கடலடி மேட்டில், சுமார் 2,900 மீட்டர் ஆழத்தில் சேற்று உருளைகளை எடுத்தது. அதில் 5.6 கோடி வருஷத்துக்கு முந்தைய அடுக்கில் கடலடி ஃபோராமினிஃபெராவின் பல இனங்கள் திடீரென்று காணாமல் போவதை எலன் தாமஸ் கவனித்தார். டைனோசர்களை முடித்த பெரும் அழிவைக்கூடச் சமாளித்து வந்த கடலடி உயிர்கள் அவை. 1991-ல் ஜேம்ஸ் கென்னட்டும் லோவல் ஸ்டாட்டும் அதே அடுக்கின் ஓடுகளை அளந்து வெளியிட்டார்கள். ஆக்சிஜன் 18-ன் கணக்கு கீழே பாய்கிறது. அப்போது பெரிய பனிப்படலம் எதுவும் இல்லை, ஆகவே அது முழுக்கச் சூடுதான். ஆழ்கடல் 5 டிகிரி அளவுக்கு ஏறியிருக்கிறது. அதே ஓடுகளில் கார்பனும் மாறியிருந்தது. கனமான கார்பன் 13-ன் பங்கு சட்டென்று குறைந்தது.

இந்தக் கார்பன் 13 தான் முதலில் சொன்ன கைரேகை. செடிகொடிகள் லேசான கார்பன் 12-ஐ விரும்பி எடுத்துக்கொள்ளும். ஆகவே உயிரிலிருந்து வந்த கார்பன், அதாவது நிலக்கரி, எண்ணெய், கரிமச் சேறு, எல்லாவற்றிலும் 13 குறைவு. நுண்ணுயிர்கள் உண்டாக்கும் மீத்தேனில் அது இன்னும் குறைவு. எரிமலை வாயுவில் கொஞ்சம்தான் குறைவு. கடல் வெறுமனே சூடாகித் தன்னிடம் கரைந்திருந்த வாயுவைக் காற்றுக்கு விட்டிருந்தால், கடலும் காற்றும் சேர்ந்த மொத்தத்தில் 13-ன் பங்கு இப்படிக் குறைந்திருக்காது. ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போட்டதால் மொத்தப் பணத்தின் தன்மை மாறாது. ஆனால் கடலடி ஓட்டிலும், கடல்மேல் ஓட்டிலும், நிலத்து மண்ணிலிருந்த சுண்ணாம்பு உருண்டைகளிலும், பாலூட்டிகளின் பல்லிலும்கூட அதே சரிவு தெரிகிறது. அமெரிக்காவின் வயோமிங்கில் கிடைத்த பற்கள் அவை. வெளியிலிருந்து, பாறைக்குள்ளிருந்தோ சேற்றுக்குள்ளிருந்தோ, புதுக் கார்பன் கடல், காற்று இரண்டுக்குள்ளும் கொட்டியிருக்கிறது. இதற்கு வேறு விளக்கம் நிற்காது.

மாட் ரைஸின் ஓடுகளை ஒவ்வொன்றாக, தனித்தனியாக அளந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கார்பன் மாற்றம் முதலில் கடல்மேல் வாழ்ந்த இனங்களில் வருகிறது. அப்புறம் சற்றுக் கீழே வாழ்ந்தவற்றில். கடைசியில்தான் கடலடி இனங்களில். மேலிருந்து கீழே இறங்கியிருக்கிறது. காற்றின் வழியாக வந்த கார்பன் அப்படித்தான் இறங்கும்.

அடுத்த சாட்சி அட்லாண்டிக்கில், நமீபியாவுக்கு மேற்கே வால்விஸ் முகட்டில். 2003-ல் அங்கே வெவ்வேறு ஆழங்களில் துளையிட்டார்கள். சுண்ணாம்பு ஓடுகளால் ஆன வெளிறிய சேறு வந்துகொண்டே இருக்கும்போது, 5.6 கோடி வருஷ அடுக்கில் சட்டென்று சிவந்த பழுப்புக் களிமண். அதில் ஓடே கிடையாது. கரியமில வாயு நீரில் கரைந்து அமிலமாகி, கடலடியில் விழுந்த ஓடுகளைக் கரைத்துத் தின்றுவிட்டது. ஓடுகள் கரையாமல் தப்பிக்கும் எல்லை, அதாவது எந்த ஆழத்துக்குக் கீழே சுண்ணாம்பு மிஞ்சாதோ அந்த மட்டம், சில ஆயிரம் வருஷத்துக்குள் 2 கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்துவிட்டது என்று ஜேம்ஸ் சாக்கஸும் குழுவினரும் 2005-ல் காட்டினார்கள். போரான் அளவும் அதே காலத்தில் கடல்மேல் நீரின் பி.எச். சுமார் 0.3 குறைந்ததைச் சொல்கிறது. பி.எச். குறைந்தால் அமிலத்தன்மை கூடியது என்று பொருள். வெறும் சூடு மட்டும் கடலை இப்படி அமிலமாக்காது. சூடான நீர் வாயுவை இழந்தால் அமிலம் குறையத்தான் வேண்டும். கடல் சூடானதும் அமிலமானதும் ஒரே நேரத்தில் நடந்தது என்றால், வாயு கடலுக்குள் நுழைந்தது என்று பொருள். கடலிலிருந்து வெளியேறவில்லை.

வட துருவத்துக்கும் போனார்கள். 2004-ல் பனியுடைக்கும் கப்பல்கள் காவல் நிற்க, ஆர்க்டிக் கடலின் நடுவே லோமனோசோவ் முகட்டில் துளையிட்டார்கள். நுண்ணுயிர்க் கொழுப்பு சொன்ன கணக்குப்படி, அந்தச் சம்பவத்துக்குச் சற்று முன் ஆர்க்டிக் கடல்மேல் நீர் 18 டிகிரி. உச்சத்தில் 23-க்கு மேல். வெதுவெதுப்பான கடல்களில் மட்டும் வாழ்ந்த அபெக்டோடினியம் என்ற நுண்பாசி அப்போது வட துருவத்தில் செழித்திருக்கிறது. கொழுப்பை மட்டும் வைத்து ஒருவர் இந்த எண்ணைச் சொல்லியிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். பாசியும் சேர்ந்து சொல்வதால் சந்தேகிக்க இடம் குறைவு.

அந்தக் கார்பன் எங்கிருந்து வந்தது? இங்கே இன்னும் வாதம் ஓயவில்லை. கடலடியில் உறைந்து கிடந்த மீத்தேன் உருகி வெளியேறியது என்று 1995-ல் ஜெரால்ட் டிக்கன்ஸும் மற்றவர்களும் சொன்னார்கள். கிரீன்லாந்தும் ஐரோப்பாவும் பிரிந்துகொண்டிருந்த அந்த நேரத்தில் வட அட்லாண்டிக்கில் பெரும் எரிமலைக் கொந்தளிப்பு. பாறைக்குழம்பு கரிமச்சத்து மிகுந்த சேற்றுக்குள் புகுந்து அதை வேகவைத்து வாயுவாக்கியது என்பது இன்னொரு விளக்கம். நார்வேக்கு அப்பால் கடலடியில் அப்படி வாயு பீறிட்ட குழிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எரிமலைதான் தொடக்கம், பிறகு சூட்டால் மற்ற இருப்புகளும் அவிழ்ந்தன என்ற கலவைக் கதையே எனக்குச் சரியாகப் படுகிறது. காரணம், சில இடங்களில் கார்பன் 13 சரிவதற்குச் சற்று முன்பே கடல்மேல் நீர் கொஞ்சம் சூடாகத் தொடங்கியிருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சிக் கரையில் எடுத்த சேற்றில் அந்த இடைவெளி சில ஆயிரம் வருஷம். எரிமலை வாயுவின் கைரேகை மங்கலானது என்பதால் முதல் பங்கு வாயு தடயமில்லாமல் வந்து சூடாக்கியிருக்கலாம். மொத்தமாக வந்த கார்பன் 3 லட்சம் கோடி டன் முதல் 10 லட்சம் கோடி டன்னுக்கு மேல் வரை பலவாறு கணக்கிடப்படுகிறது.

கடல் மறுபடி பழைய நிலைக்கு வர 1.5 லட்சம் முதல் 2 லட்சம் வருஷம் பிடித்தது. மழை நீரில் கரைந்த கரியமில வாயு பாறையை அரித்து, அரித்த கால்சியம் ஆறுகள் வழியாகக் கடலுக்குப் போய், ஓடாகி, சுண்ணாம்பாக அடியில் புதைந்து, இப்படித்தான் கார்பன் திரும்பப் பூமிக்குள் போயிற்று. வால்விஸ் முகட்டில் களிமண்ணுக்கு மேலே சுண்ணாம்பு திரும்புகிறது. அதுவும் முன்பைவிட அதிகச் சுண்ணாம்பாக. பாறை அரிப்பு கூடியதன் அடையாளம் அது.

இனி பனியுகக் கேள்வி. கேள்வியில் இருந்த தகவல் பொய்யில்லை. சுமார் 2.4 லட்சம் வருஷத்துக்கு முன் ஒரு பனியுகம் முடிந்தபோது அண்டார்க்டிகா சூடாகி 800 வருஷம் கழித்துத்தான் வாயு ஏறியது என்று 2003-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. கூட்டக் குறைய 200 வருஷம். ஆனால் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பனி விழுந்து இறுகிக் குமிழி மூடுவதற்குள் அது பல பத்து மீட்டர் கீழே போய்விடும். ஆகவே குமிழிக்குள் இருக்கும் காற்று, அதைச் சுற்றியுள்ள பனியைவிட ஆயிரக்கணக்கான வருஷம் இளையது. எவ்வளவு இளையது என்பதைச் சரியாகக் கணித்தால்தான் எது முன், எது பின் என்று சொல்ல முடியும். 2013-ல் திருத்திய கணக்கு, கடைசிப் பனியுகத்தின் முடிவில் அண்டார்க்டிக் சூடும் வாயுவும் ஏறக்குறைய கைகோத்து ஏறியதைக் காட்டியது.

அப்புறம் அண்டார்க்டிகா மட்டுமே உலகமாகிவிடாது. 2012-ல் ஜெரமி ஷாகுனும் குழுவும் உலகெங்கிலுமிருந்து 80 பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, உலகச் சராசரி வெப்பம் வாயுவுக்குப் பின்னால்தான் ஏறியிருந்தது. நடந்தது இப்படி. பூமியின் அச்சுச் சாய்வும் சுற்றுப்பாதையும் மெதுவாக மாறி, வடக்கே கோடை வெயில் கூடியது. வடக்கின் பனிப்படலம் உருகி நன்னீர் வட அட்லாண்டிக்கில் கலந்தது. நன்னீர் லேசானது, அடியில் இறங்காது. அங்கே நீர் மூழ்குவது தளர்ந்ததும் தெற்கில் சூடு தேங்கியது. அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள தென் கடல் கிளறப்பட்டு, ஆழத்தில் அடைபட்டிருந்த கரியமில வாயு வெளியே வந்தது. அந்த வாயு உலகம் முழுவதையும் சூடாக்கியது. ஆக, இந்த வழக்கில் கடல்தான் வாயுவின் ஊற்று. வெயிலில் வைத்த கோலி சோடா சீக்கிரம் வாயுவை இழப்பது போல, சூடான நீர் குறைவாகத்தான் வாயுவைத் தாங்கும். ஆனால் சோடா உவமை முழுக்கப் போதாது. பனியுகத்தில் 180, 190 பிபிஎம் இருந்தது 280 ஆனதில், நீர் சூடானதால் மட்டும் வந்தது சுமார் 30 தான். மீதியில் பெரும்பங்கு ஆழ்கடலின் சுழற்சி மாறியதால் வந்தது. தூண்டியது சுற்றுப்பாதை, பெருக்கியது வாயு.

அந்தக் காலத்தில் மொத்தக் கடலும் எவ்வளவு சூடானது என்பதை அளந்த விதம் அழகானது. கிரிப்டான், செனான் போன்ற மந்த வாயுக்கள் எதனுடனும் சேராதவை. கடலும் காற்றும் மட்டுமே அவற்றின் இருப்பிடம். கடல் குளிர்ந்தால் அதிகமாகக் கரையும், சூடானால் காற்றுக்கு வரும். ஆகவே பனிக்குமிழியில் அவை எவ்வளவு என்று அளந்தால், மேல்மட்டம் முதல் அடி வரை கடல் முழுவதன் சராசரி வெப்பம் கிடைத்துவிடுகிறது. 2018-ல் பெர்ன்ஹார்ட் பெரைட்டரும் குழுவும் கொடுத்த விடை 2.57 டிகிரி. ஒரு சிறு பனித்துண்டு உலகக் கடல் முழுவதற்கும் வெப்பமானி ஆகிவிட்டது.

எதிர்த்திசையில் நடந்ததற்கு 3.4 கோடி வருஷத்துக்கு முந்தைய அண்டார்க்டிகா சாட்சி. அதுவரை காடு இருந்த கண்டத்தில் சில லட்சம் வருஷத்துக்குள் பெரும் பனிப்படலம் உருவாகி, ஆழ்கடல் குளிர்ந்தது. தென் அமெரிக்காவிலிருந்து அண்டார்க்டிகா பிரிந்து டிரேக் நீர்வழி திறந்ததும், அதைச் சுற்றிக் கடலோட்டம் ஓடிச் சூட்டைத் தடுத்தது என்பதே பல காலம் பாடமாக இருந்தது. 2003-ல் ராபர்ட் டிகான்டோவும் டேவிட் பொல்லார்டும் கணினி மாதிரியில் ஓட்டிப் பார்த்தார்கள். நீர்வழி திறந்தாலும் மூடினாலும் பெரிய வித்தியாசம் வரவில்லை. கரியமில வாயு 750 பிபிஎம் வாக்கில் இறங்கியதும் பனி தானே பெருகத் தொடங்கியது. 2009-ல் தான்சானியாவில் கிடைத்த ஓடுகளின் போரான், அந்த நேரத்தில் வாயு உண்மையாகவே குறைந்ததைக் காட்டியது. நீர்வழிக்கும் சிறு பங்கு இருக்கலாம். கனமான கை வாயுவுடையதுதான்.

ஏன் குறைந்தது என்றால் நம் நிலமும் கதைக்குள் வருகிறது. அதற்கும் வெகுகாலம் முன்பு இந்தியா தனித் துண்டாக வடக்கே விரைந்துகொண்டிருந்தது. சுமார் 5 கோடி வருஷத்துக்கு முன் ஆசியாவை முட்டியது. எழும்பிய இமயமலையின் பாறைகள் மழையில் அரிந்து கரியமில வாயுவை உறிஞ்சின என்று மாரீன் ரேமோவும் வில்லியம் ரடிமனும் 1992-ல் எழுதினார்கள். தக்காணத்து எரிமலைப் பாறைகள் மழை மிகுந்த நிலநடுக்கோட்டுப் பகுதியைக் கடந்தபோது அரிந்ததும் ஒரு காரணம் என்று டென்னிஸ் கென்ட்டும் ஜியோவானி முட்டோனியும் 2008-ல் சேர்த்தார்கள். இரண்டும் இன்னும் விவாதத்தில்தான் இருக்கின்றன. இமயமலையின் பங்கைச் சிலர் மிகைப்படுத்துகிறார்கள் என்பது என் எண்ணம்.

மிகக் கொடூரமான வழக்கை ஒரே பத்தியில் சொல்லிவிடுகிறேன். 25.2 கோடி வருஷத்துக்கு முன் சைபீரியாவில் எரிமலைக் குழம்பு நிலக்கரியை எரித்து, உப்புப் படிவங்களை வேகவைத்துக்கொண்டு வெளியே வந்தது. கடல் உயிரினங்களில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு அழிந்தது. கோனோடான்ட் என்ற மறைந்துபோன விலங்கின் பல்போன்ற துண்டுகளைத் தெற்குச் சீனாவில் எடுத்து அளந்ததில், அதைத் தொடர்ந்த காலத்தில் வெப்பமண்டலக் கடல்மேல் நீர் 40 டிகிரியை நெருங்கியிருந்தது தெரிந்தது. மீன்கள் அந்தப் பகுதியில் ஏறக்குறைய இல்லாமலே போயின.

இன்றைக்கும் அன்றைக்கும் உள்ள வித்தியாசத்தையும் கேட்பீர்கள் என்று தெரியும். 5.6 கோடி வருஷத்துக்கு முந்தைய அந்தச் சம்பவத்தில் கார்பன் வந்த வேகம் வருஷத்துக்கு 100 கோடி டன் வாக்கில் இருந்ததாக 2016-ல் ரிச்சர்ட் சீபியும் மற்றவர்களும் கணக்கிட்டார்கள். இன்று நாம் எரிப்பது வருஷத்துக்குச் சுமார் 1,000 கோடி டன் கார்பன். 2024-ல் காற்றில் வாயுவின் சராசரி 420 பிபிஎம்மைத் தாண்டிவிட்டது. 30 லட்சம் வருஷத்துக்கு முன் பிளையோசீன் காலத்தில் வாயு இதே அளவில் இருந்தபோது கடல் மட்டம் இன்றையதைவிட 15 மீட்டர், அதற்கும் மேலாகக்கூட உயர்ந்திருந்தது. இன்று நாம் அதைப் பார்க்காததற்குக் காரணம், ஆழ்கடல் சூடாகவும் பனி உருகவும் நூற்றாண்டுகள், ஆயிரம் ஆண்டுகள் பிடிக்கும் என்பதே.

கடைசியாக ஒன்று. வாயு இரட்டிப்பானால் எத்தனை டிகிரி என்பது எல்லாக் காலத்துக்கும் ஒரே எண்ணாக இருக்க வேண்டியதில்லை. இயோசீன் காலத்துத் துருவக் கடல் ஏன் அவ்வளவு சூடு என்பதைப் பல ஆண்டுகளாகக் கணினி மாதிரிகளால் காட்டவே முடியவில்லை. வாயுவை எவ்வளவு கூட்டினாலும் மாதிரியின் துருவங்கள் குளிராகவே இருந்தன. 2019-ல் ஜியாங் ஜூ, கிறிஸ்டோபர் பொல்சன், ஜெசிகா டியர்னி மூவரும் மேகங்களின் நடத்தையை மேலும் சரியாகக் கையாளும் மாதிரியை ஓட்டினார்கள். சூடு கூடக் கூட வெயிலைத் திருப்பி அனுப்பும் தாழ்வான மேகங்கள் குறைந்தன, கடல் இன்னும் சூடானது. ஓடுகள் சொன்ன எண்ணை மாதிரி நெருங்கியது. அந்த மாதிரியில், சூடான பூமி குளிர்ந்த பூமியைவிட வாயுவுக்குக் கூடுதலாக அசைந்துகொடுத்தது.